கேபிள் புதைத்த ஒழுங்கையையும் வளவையும் சீர்செய்தல்: யார், எப்போது, எதைக்கொண்டு?

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையிலோ கல்முனைப் பக்கத்திலோ ஓர் ஒழுங்கையின் ஓரமாக மின்சாரத்துக்கு அல்லது இணைய இணைப்புக்கு நிலத்தடிக் கேபிள் புதைக்கப்பட்டு முடிந்ததும், அங்கு குடியிருப்பவர்களிடம் வேலை மேற்பார்வையாளர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "உங்கட வாசல் சரிதானே?" நாமும் சரி என்று சொல்லிக் கையொப்பமிட்டுவிடுகிறோம். அந்தக் கையொப்பத்தோடு மூன்று தீர்மானங்கள் எவரும் பேசாமலேயே எடுக்கப்பட்டுவிடுகின்றன: கிடங்கை மூடிச் சீர்செய்வது யார் பொறுப்பு, இறுதி மேற்பரப்பை எப்போது போடுவது, எதனால் போடுவது. ஊர்க் கூட்டங்களில் மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவாகிறது. கொங்கிறீற்றா, இன்டர்லொக் கல்லா என்று மணிக்கணக்கில் வாதாடுகிறோம். ஆனால் மேலே எதைப் போட்டாலும் அதைத் தாங்கப் போவது கிடங்குக்குள் நிரப்பிய மண்தான் என்பதால், முதல் இரண்டு கேள்விகளுக்கும் விடை கண்ட பிறகே மூன்றாவதற்கு வருவது முறை.

நமது பிரதேசத்தில் இந்த ஒப்பீட்டை ஒரே அளவுகோலால் செய்ய முடியாது. கடலோர நிலம், கல்லடியிலிருந்து ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி வழியாகக் காரைதீவு, அக்கரைப்பற்று வரைக்கும், பெரும்பாலும் மணல். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும், சம்மாந்துறை, நாவிதன்வெளி போன்ற வயல் சூழ்ந்த ஊர்களிலும் களிப்பாங்கான மண்ணே அதிகம். மணலில் வெட்டிய கிடங்கை நீரூற்றி அதிர வைத்தால் துகள்கள் நெருங்கி இறுகிவிடும். களியில் வெட்டிய கிடங்குக்கு நீரூற்றினால் அது சேறாகிப் பல மாதங்களுக்கு இறுகாது; அரை ஈரத்தில், மெல்லிய அடுக்குகளாக இட்டுத் திமிசுக் கட்டையால் இடிப்பது ஒன்றே வழி. ஆகவே எழுவான்கரையில் நன்றாக அமைந்த ஒரு முறையை அப்படியே படுவான்கரைக்குக் கொண்டுபோனால் அது பிழையாகிப்போக இடமுண்டு.

முதலில் பொறுப்பு யாருடையது என்பதைப் பார்ப்போம். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், உள்ளொழுங்கைகள் பெரும்பாலும் மாநகர, நகர அல்லது பிரதேச சபைக்கும் உரியவை. வீதியை வெட்டுபவர் உரிய நிறுவனத்திடம் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக்கு வைப்புப் பணமும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் நிபந்தனையும் இருப்பது வழக்கம். நிபந்தனை என்னவென்று தெரியாமல் பேரம் பேசுவதில் பயனில்லை. வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடம் எழுத்தில் கேட்கலாம்.

இதன் பின் நம் முன் மூன்று வழிகள் உண்டு. கேபிள் புதைத்த ஒப்பந்தகாரரே எல்லாவற்றையும் முடித்துக்கொடுப்பது ஒன்று. ஒவ்வொரு வீட்டாரும் ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு தத்தம் வாசலைத் தாமே சீர்செய்வது இன்னொன்று. கிராம அபிவிருத்திச் சங்கமோ சனசமூக நிலையமோ வேலையைப் பொறுப்பேற்று ஒழுங்கை முழுவதையும் ஒன்றாகச் செய்வது மற்றொன்று.

இரண்டாவது வழியை நான் எந்த ஒழுங்கைக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பணம் கைக்கு வந்ததும் ஒரு வீட்டார் சீமெந்து போடுவார்கள், அடுத்த வீட்டார் கிறவல் (சரளைச் செம்மண்) கொட்டுவார்கள், மூன்றாம் வீட்டார் பிள்ளையின் கல்யாணச் செலவோடு அந்தப் பணத்தையும் சேர்த்துவிடுவார்கள். மழை வந்ததும் உயர்ந்த வாசலின் வெள்ளம் தாழ்ந்த வாசலுக்குப் போகும். அதன் பின் நடக்கும் சண்டைக்கும் கேபிளுக்கும் சம்பந்தமே இருக்காது. வளவுக்குள் மட்டும் ஏற்பட்ட சேதத்துக்கு, அதாவது உடைந்த பூந்தொட்டிக்கோ பிடுங்கப்பட்ட செடிக்கோ, பணமாகப் பெறுவதில் தவறில்லை.

ஒப்பந்தகாரரிடம் முழுவதையும் விடுவதன் நன்மை, இயந்திரங்கள் அவரிடமே இருப்பதும் பொறுப்பு ஒரே இடத்தில் நிற்பதும் ஆகும். நிர்மாண ஒப்பந்தங்களில் பிழைதிருத்தக் காலம் என்று ஒன்று உண்டு. அது பெரும்பாலும் ஓராண்டு நீடிக்கும், அது முடியும் வரை அவருக்குச் சேர வேண்டிய பணத்தில் ஒரு பகுதி தடுத்து வைக்கப்படும். அந்தப் பணம்தான் நமக்குள்ள பிடி. அவருடைய பலவீனம் அவசரம். நூறு மீற்றர் முடிந்தால் அடுத்த நூறு மீற்றருக்குப் போக வேண்டியவர், வெட்டிப்போட்ட மண்ணைப் பெக்கோ இயந்திரத்தால் ஒரே தள்ளாகத் தள்ளி, மேலே இரண்டு தடவை ஓட்டி மட்டம் செய்துவிட்டுப் போகவே விரும்புவார். பார்வைக்கு அது அழகாகவே இருக்கும். சங்கம் செய்வதென்றாலோ கவனமும் அக்கறையும் கூடும், சிரமதானத்தில் ஆள்பலம் கிடைக்கும், ஊர்ப் பிள்ளைகளுக்கு நாட்கூலியும் சேரும். எனினும், கேபிளுக்கு மேலே எத்தனை அங்குலம் வரை இயந்திரம் வைக்கலாம் என்பது போன்ற விடயங்களில் பயிற்சி இல்லாதவர்கள் மின்கேபிள் அருகே வேலை செய்வதை நான் ஏற்க மாட்டேன். பிழை நேர்ந்தால் ஒப்பந்தகாரரும் கையை விரித்துவிடுவார்.

ஆகவே என் முடிவு, வேலையை நிலமட்டத்துக்கு ஏறக்குறைய ஓர் அடி கீழே இரண்டாகப் பிரிப்பது. கேபிளிலிருந்து அந்த மட்டம் வரை நிரப்பி இறுக்குவது முழுக்க ஒப்பந்தகாரரின் வேலை, சங்கத்தின் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்க. அதற்கு மேலுள்ள மண்ணையும் மேற்பரப்பையும் சங்கமே ஒழுங்கை முழுவதற்கும் ஒரே மட்டத்தில் செய்து, அதற்குரிய தொகையை ஒப்பந்தகாரரிடமிருந்தோ வைப்புப் பணத்திலிருந்தோ பெற்றுக்கொள்வது. இதற்குச் சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் எழுத்துமூலச் சம்மதம் தேவைப்படும்; கிராம உத்தியோகத்தர் சாட்சியாக இருந்தால் பின்னால் வாக்குவாதம் குறையும்.

பக்கத்தில் நின்று பார்ப்பவர் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்லலாம், ஏனெனில் பணம் வீணாவதும் மிஞ்சுவதும் இங்கேதான். கேபிளுக்குக் கீழும் மேலும் கல், கண்ணாடித் துண்டு, சிப்பி இல்லாத சலித்த மணல் இருக்க வேண்டும். அதற்கு மேல், கேபிள் இருப்பதை எச்சரிக்கும் நிறப்பட்டி விரிக்கப்பட வேண்டும். பின்னாளில் மண்வெட்டியோடு வருபவருக்கு முதலில் தட்டுப்பட வேண்டியது அந்தப் பட்டியே. கேபிளுக்கு அண்மையிலுள்ள முதல் அடுக்கைக் கையால் மட்டுமே இறுக்க வேண்டும், அதன் பின்னரே கொம்பக்டர் இயந்திரம் வரலாம். மண்ணை ஒரு சாணளவுக்கு மேற்படாத அடுக்குகளாக இட்டு, மணலானால் நனைத்து, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே இறுக்குவதுதான் முறை. மேலடுக்கில் வெறுங்காலின் குதிகாலை ஊன்றித் திருப்பிப் பார்த்தால் போதும்: குதிகால் புதைந்து குழி விழுந்தால் அது இறுகவில்லை.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பெறுமதி விளங்கும். 100 மீற்றர் நீளம், 45 சென்ரிமீற்றர் அகலம், 75 சென்ரிமீற்றர் ஆழமுள்ள கிடங்கின் கொள்ளளவு ஏறக்குறைய 34 கன மீற்றர், அதாவது நமது லொறிக் கணக்கில் 12 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). தளர்வாகத் தள்ளிய மணல் பத்தில் ஒரு பங்கு அமர்ந்தாலும் ஒழுங்கையின் நீளம் முழுவதும் ஏழரைச் சென்ரிமீற்றர், அதாவது மூன்று அங்குலப் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை நிரப்ப ஒன்றேகால் கியூப் மணல் போதும் என்பதால் மண்ணின் செலவு பெரிதல்ல. அதற்கு மேலே போட்ட கொங்கிறீற்றோ கல்லோ உடைந்து போவதே பெரிய செலவு.

அடுத்தது காலம். இந்தப் பக்கத்தில் ஆண்டு மழையின் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரையான வடகீழ்ப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. புரட்டாசி, ஐப்பசியில் முடிந்த கேபிள் வேலைக்கு மேல் உடனே இறுதி மேற்பரப்பைப் போட்டுவிடுவது, மாரிக்கு முன்னர் எல்லாம் முடிந்துவிட்டது என்ற திருப்தியைத் தரும். ஒப்பந்தகாரரும் அதையே விரும்புவார், ஏனெனில் அவருடைய கட்டணப் பட்டியல் அந்த ஆண்டுக் கணக்கில் போய்விடும். அதற்கு மாறாக, மாரிக்கு முன்னர் தற்காலிகமாக மூடி, மழையே மண்ணை அமர்த்தவிட்டு, மாசி, பங்குனியில் இறுதி வேலையைச் செய்வது பொறுமையைக் கேட்கும் வழி. இடைப்பட்ட மாதங்களில் சேறும் பள்ளமும் இருக்கத்தான் செய்யும், பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்து பற்றித் தாய்மார் முறையிடுவார்கள். ஆயினும் மாரிக்கு முன் முடிந்த வேலைக்கு நான் இரண்டாவதையே தெரிவேன். வீட்டு வாசல்களுக்கு மட்டும் பலகையோ பழைய கொங்கிறீற்றுத் தட்டோ வைத்துச் சமாளிக்கலாம்.

கேபிள் வேலை தை, மாசியில் முடிந்தால் கணக்கு மாறும். மணல் நிலத்தில் அடுத்த மாரி வரை காத்திருக்க வேண்டியதில்லை. பவுசர் தண்ணீரும் கொம்பக்டரும் மழையின் வேலையைச் செய்துவிடும், இரண்டு மாதம் ஒழுங்கையை அப்படியே புழங்கவிட்டுப் பார்த்துவிட்டு மேற்பரப்பைப் போடலாம். களி நிலத்திலோ அந்தக் குறுக்குவழி இல்லை. ஒரு மாரியை அது காண வேண்டும். கச்சான் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் களி சுருங்கி வெடிப்பு விடுவதையும், அந்த வெடிப்புகள் கிடங்கின் இரு விளிம்புகளிலும் கோடு போட்டதுபோல் ஓடுவதையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

தற்காலிக மூடலின்போது கிடங்கை நிலமட்டத்துக்கு இரண்டு அங்குலம் உயர்த்தி விடுவதும், மேலதிகமாக ஒன்றரைக் கியூப் மணலை ஒரு மூலையில் மூடி வைப்பதும் போதுமானவை. வெட்டிப்போட்ட குழாய்த் துண்டுகள், கேபிள் சுருளின் மூடிகள், கிழிந்த பொலித்தீன் ஆகியவற்றை அன்றன்றே அப்புறப்படுத்துவது இதைவிட முக்கியம். பள்ளத்தில் தேங்கும் கலங்கல் நீரைப் பற்றிப் பலரும் அஞ்சுகிறார்கள். டெங்கு நுளம்பு அதிகம் விரும்புவதோ இத்தகைய சிறு கொள்கலன்களில் தேங்கும் தெளிந்த நீரையே. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வரும்போது அறிவித்தல் வீட்டுக்காரருக்குத்தான் கிடைக்கும், ஒப்பந்தகாரருக்கு அல்ல.

இனி மேற்பரப்பு. ஒழுங்கை ஏற்கெனவே கொங்கிறீற்றாக இருந்து அதில் ஒரு பட்டியை வெட்டியிருந்தால் தெரிவு அதிகமில்லை, கொங்கிறீற்றாகவே மூட வேண்டும். அப்போது பேச வேண்டியது வெட்டின் விளிம்பு பற்றித்தான். உடைத்த விளிம்பு பல்லுப் பல்லாக இருக்க அதன் மேல் கலவையைக் கொட்டினால் ஒட்டாது. இயந்திரத்தால் நேராக அறுத்து, கிடங்கின் இரு பக்கமும் ஆறு அங்குலம் அகலமாக எடுத்து, புதிய தட்டின் ஓரங்கள் வெட்டப்படாத உறுதியான நிலத்தில் அமரும்படி செய்ய வேண்டும். பிறகு ஒரு கிழமையாவது ஈரச்சாக்கு போட்டு நனைக்க வேண்டும். நமது வெயிலில் இதைத் தவிர்ப்பவர்களின் கொங்கிறீற்று அடுத்த ஆண்டே மணலாக உதிரும்.

மண் ஒழுங்கையாக இருந்ததைப் புதிதாகக் கொங்கிறீற்றாக்கலாமா என்பது வேறு கேள்வி. பலருக்கு இது ஆசை, கேபிள் வேலை அதற்கு ஒரு சாட்டாகிறது. மணல் ஒழுங்கை மழையை உறிஞ்சிக் கொள்கிறது, அந்த நீர்தான் ஒரு சில அடி ஆழத்தில் நமது கிணற்றுக்கு வந்து சேர்கிறது. அதை முழு அகலத்துக்கும் மூடிவிட்டால் நீர் வளவுகளுக்குள் திரும்பும். வடிகானும் மதகும் இல்லாத ஒழுங்கையில் அதற்குப் போக்கிடமில்லை. அதோடு, கேபிளில் பின்னர் பழுது வந்தால் மீண்டும் உடைப்பு.

இன்டர்லொக் கல்லின் சிறப்பு இந்த இடத்தில்தான். பழுது வந்தால் கழற்றி, கிடங்கை வெட்டி, மூடி, அதே கல்லை மீண்டும் பதிக்கலாம்; மழைநீரில் ஒரு பகுதியாவது இடைவெளிகளால் இறங்கும். நடைபாதைக்கு 60 மில்லிமீற்றர் தடிப்பும், லொறி, உழவு இயந்திரம் போகும் ஒழுங்கைக்கு 80 மில்லிமீற்றர் தடிப்பும் வேண்டும். இரு ஓரங்களிலும் கொங்கிறீற்று விளிம்புக்கல் இல்லாவிட்டால் வரிசை விலகிக் கற்கள் கலையத் தொடங்கும். விளிம்புக்குச் சேமித்த பணம் முழுவதும் பின்னர் கல்லுக்குப் போய்விடுவதை ஒன்றுக்கு மேற்பட்ட ஒழுங்கைகளில் காணலாம்.

கிறவல் மலிவு, விரைவு. கிடங்கின் அகலத்துக்கு மட்டும் பத்துச் சென்ரிமீற்றர் இறுக்கிப் போட 100 மீற்றருக்கு இரண்டு கியூப் போதும். களி நிலத்தில் நான் முதலில் தெரிவது இதையே, அதுவும் நடுவில் சற்று உயர்த்தி, இரு பக்கமும் சரிவு விட்டு. வெண்மணல் ஊர்களில் இது அவ்வளவு பொருந்தாது: மழையில் செம்மண் கரைந்து மணலோடு கலந்து, மதில்களின் அடியெல்லாம் சிவப்பேறும். அங்கே வாகனம் அதிகம் புழங்காத குச்சொழுங்கைக்கு, பழைய மணலையே திரும்பப் போட்டு இறுக்குவது குறைவான தெரிவு அல்ல.

வளவுக்குள் வரும் கிடங்கு வேறு கவனம் கேட்கிறது. மணல் வளவில் உரமுள்ள மண் என்பது மேலே உள்ள ஒரு சாண் மட்டுமே. ஆண்டாண்டாகக் கூட்டிய சருகும் எருவும் சேர்ந்த கருமண் அது. அதைத் தனியாக ஒரு பக்கம் குவிக்கச் சொல்லாவிட்டால் கீழ்மண்ணோடு கலந்து, அந்தக் கோட்டில் கத்தரியும் வளராது, அறுகும் பிடிக்காது. வேலை தொடங்குமுன் சொல்ல வேண்டிய ஒரே வார்த்தை இதுதான், செலவும் ஏறக்குறைய இல்லை. தென்னையின் வேர்களில் பெரும்பகுதி அடியைச் சுற்றி இரண்டு மீற்றர் வட்டத்துக்குள் இருப்பதால் கிடங்கு அதற்கு வெளியே போனால் மரத்துக்குப் பெரிய பாதிப்பில்லை; உள்ளே போயே ஆக வேண்டுமென்றாலும் தென்னை புதுவேர் விடும். வேம்பும் மாவும் அப்படியல்ல, விரலை விடத் தடித்த பக்கவேரை வெட்டினால் அது காற்றில் சாயும் பக்கத்தைப் பலவீனமாக்கும். 1978 நவம்பர் 23இன் சூறாவளியைக் கண்ட ஊர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

தென்னைக்கு நல்லதென்று கிடங்குக்குள் பொச்சு மட்டையும் ஓலையும் போட்டு மூடும் பழக்கம் நம்மிடம் உண்டு. தனிக் கிடங்கில் அது நல்ல முறைதான். கேபிள் கிடங்கில் அது உக்கும்போது மண் அமரும், கறையானும் வரும். ஆகவே எருவும் சருகும் மேலே மட்டும்.

வேலியைப் பற்றித்தான் நான் மிகவும் வற்புறுத்த விரும்புகிறேன். கிடங்கு வெட்டும்போது பிடுங்கிய சீமைக்கிளுவை, பூவரசுக் கதியால்களை ஐப்பசி மழையோடு திரும்ப நட்டால் மீண்டும் தழைக்கும், அதில் சிரமமில்லை. சிரமம் நடும் விதத்தில். அலவாங்கால் இரண்டடி குத்தித்தான் கதியால் நடுகிறோம்; வீட்டிணைப்பு மின்கேபிள் கிடப்பதும் ஏறக்குறைய அதே ஆழத்தில். வேலிக் கோட்டையும் கேபிள் கோட்டையும் ஒன்றாக வைப்பது உயிருக்கு ஆபத்து. ஆகவே வேலியை ஓர் அடியாவது வளவின் உட்பக்கம் நகர்த்துவதா, அந்த ஓரத்துக்கு மட்டும் ஆழமற்ற அத்திவாரத்தோடு கல்வேலி வைப்பதா என்று தெரிவு வரும்போது, முதலாவதே மேல்; ஆனால் எல்லைக்கல் இருந்த இடத்தில் இருக்க வேண்டும், வேலி நகர்ந்ததால் காணி நகரவில்லை என்று இரு வீட்டாரும் எழுதிக் கையொப்பமிட்டுக்கொள்ள வேண்டும்.

பொது இடங்களுக்கு ஒரே பரிகாரம் பொருந்தாது. விளையாட்டு மைதானத்துக்குக் கல்லோ கிறவலோ கூடவே கூடாது, ஓடும் பிள்ளையின் கணுக்காலுக்கு ஒரு அங்குலப் படியே போதும். அங்கு மணலை இறுக்கி, மைதானத்தின் ஓரத்திலேயே வெட்டியெடுத்த அறுகுக் கட்டிகளை மாரி தொடக்கத்தில் பதிப்பது, விலைகொடுத்து வாங்கும் கம்பளப் புல்லைவிட நிலைக்கும், ஏனெனில் கச்சான் காலத்தில் தண்ணீர் இறைக்க எவரும் வரப்போவதில்லை. கோயில் வீதியிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் பலர் வெறுங்காலோடு நடக்கிறார்கள், நிலத்தில் அமர்கிறார்கள். வெண்மணலே அங்கு தகும். கண்ணகை அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்குக்கு முன்னர் மணல் பரப்புவது எப்படியும் நடக்கிற காரியம். பங்குனியில் கிடங்கு அமர்ந்துவிட்டதா என்று பார்த்து, வேண்டிய இடத்தை நிரப்பிவிட்டால், சடங்குக்குப் பரப்பும் மணல் மேற்பரப்பாகவும் ஆகிவிடும், தனிச் செலவு தேவைப்படாது.

கிடங்கை மூடுமுன் படம் எடுத்து, மதில் மூலை, மின்கம்பம் போன்ற அசையாத இரண்டு இடங்களிலிருந்து கேபிளுக்குள்ள தூரத்தை அளந்து ஒரு தாளில் வரைந்து, அதன் பிரதிகளைச் சபையிலும் சங்கத்திலும் வைக்க வேண்டும். ஒப்பந்தகாரர் நீட்டும் தாளில் கையொப்பமிடும்போது, "கிடங்கு நிரப்பப்பட்டது, மேற்பரப்பு முடிவுறவில்லை, மாரிக்குப் பின் மீளப் பரிசீலிக்கப்படும்" என்று கையால் எழுதித் திகதியிட்டு, பிரதி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். தடுத்து வைத்த பணத்தை விடுவிக்கும் முன் சபை உத்தியோகத்தர் ஒழுங்கையை நடந்து பார்க்க வரும் நாளில், சங்கத்தவர்கள் அந்தத் தாளோடும் ஒரு நேர்மட்டப் பலகையோடும் கூடவே நடக்க வேண்டும். பலகைக்கும் நிலத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழையும் இடமெல்லாம் சுண்ணாம்பால் வட்டமிட்டு, அவை நிரப்பப்படும் வரை பணம் நிற்கட்டும்.